ஜெர்மனியில் முதலில் மொழியா, நண்பர்களா?

நெக்கர்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலை. வந்து இது இரண்டாவது குளிர்காலம். அலுவலகத்தில் முழுக்க ஆங்கிலம். வாரம் இரண்டு மாலை வி.எச்.எஸ். என்ற பொது முதியோர் கல்வி நிலையத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன், பி1 (ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு மொழிப் படிகளில் மூன்றாவது) பாதி தாண்டிவிட்டது. வீட்டுப்பாடம் விடாமல் செய்கிறேன், தேர்வுகளிலும் நல்ல மதிப்பெண்தான். ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஜெர்மனில் பேச எனக்கு ஒரு ஆள் கிடையாது. இந்த ஊர்க்காரர்களில் நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் தட்டோடு போகும்போது மேசையில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கும். உட்கார்ந்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். எனக்காகத்தான், நல்ல மனதோடுதான். ஆனால் அந்த நிமிஷமே பேச்சு சுருங்கிவிடும். வார இறுதியில் என்ன செய்தாய், மழை, வேலை, அவ்வளவுதான். யாரோ பாதி சொல்லிக்கொண்டிருந்த கதை அப்படியே நின்றுவிடும். அந்தக் கதையின் மீதியைக் கேட்கத்தான் நான் ஜெர்மன் படிக்கிறேன்.

மொழி வந்தால் நண்பர்கள் தானாக வருவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நண்பர்கள் இருந்தால்தான் மொழியே வரும் என்று வேறு சிலர். இங்கே பல வருடமாக இருப்பவர்கள் சொல்லுங்கள். வேலை முடிந்து எனக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அதை பி2 வகுப்பில் போடட்டுமா, வெளியே ஆள் தேடிப் போகட்டுமா?

சொல்வேட்டை எழுதியது:

மொழிதான் முதலில். குறைந்தது பி2.

பி1 இருந்தால் ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசிவிடலாம். அவர் உங்களுக்காக மெதுவாகப் பேசுவார், புரியாவிட்டால் திரும்பச் சொல்வார். நான்கு பேர் கூடிய மேசையில் அது நடக்காது. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பிப்பார். பின்னால் பாட்டு ஓடும். நீங்கள் முதல் வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் பேச்சு மூன்றாவது விஷயத்துக்குப் போயிருக்கும். ஒரு மாலை முழுக்க, மற்றவர்கள் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுத்த வாரம் போகக் கால் எழாது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்ற பேச்சும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்று. ப்ளூ கார்டில், அதாவது உயர்படிப்புப் படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான அனுமதியில், இருப்பவருக்கு பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்கும், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். அதனால் நம் ஆட்கள் பி1 வரை ஓடிச் சான்றிதழ் வாங்கிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நட்புக்கு வேண்டிய மொழி அதற்கு அப்புறம்தான் ஆரம்பமாகிறது. நீங்கள் நிறுத்தாதீர்கள். முக்கியமாகக் காதைப் பழக்குங்கள். டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்திகளை வெளியிடுகிறது, கூடவே எழுத்து வடிவமும் தருகிறது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், அப்புறம் பார்த்துக்கொண்டு கேளுங்கள். அது சலித்துப்போகும் நாளில் சாதாரண வேகத்துக்கு மாறுங்கள்.

ரூர்வாசி எழுதியது:

தங்கச்சி, நான் 1985இல் இலங்கையில் இருந்து வந்தவன். அகதி விண்ணப்பம் போட்ட எங்களுக்கு அப்போது டொச் (ஜெர்மன்) வகுப்பு என்று ஒன்றும் இல்லை. இன்றைக்கு அரசு தருகிற ஒருங்கிணைப்புப் பாடநெறி இருக்கிறதல்லவா, 600 மணி நேரம் மொழியும் 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடமும், அது 2005இல் புதிய குடியேற்றச் சட்டத்தோடு வந்தது. எங்களுக்கு வேலை செய்யவும் அனுமதி இல்லை, தந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. நாள் முழுக்க முகாமில்தான்.

முகாமுக்குப் பின்னால் ஒரு உதைபந்தாட்டத் திடல் இருந்தது. பின்னேரங்களில் வேலியில் சாய்ந்துகொண்டு பார்ப்போம். ஒரு நாள் அவர்களுடைய மூன்றாவது அணிக்கு ஆள் குறைந்துவிட்டது. பயிற்சியாளர் வேலியடிக்கு வந்து என் காலைக் காட்டினார், பந்தைக் காட்டினார், கையால் கூப்பிட்டார். டொச்சில் எனக்கு அப்போது வணக்கமும் நன்றியும்தான் தெரியும். திடலில் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. இடது, வலது, பின்னால் ஆள் வருகிறான், விடு, திரும்பு. நான் முதலில் படித்த டொச் இதுதான். பிழையாக விளங்கினால் பந்து போய்விடும், அந்த நொடியே தெரிந்துவிடும். அந்தப் பருவம் முடிவதற்குள் உடுப்பு மாற்றும் அறையில் அவர்கள் கதைப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடத் தொடங்கியது.

பின்வரிசையில் ஆடின ஒருவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அலுவலகங்களில் இருந்து எனக்கு வருகிற கடிதங்களை அவருடைய வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் வாசித்தோம். அவர் முழுவதையும் ஒருமுறை வாசிப்பார். பிறகு பென்சிலால் கோடு போட்டு, அந்த நீண்ட வசனங்களைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சொல்லுவார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விளங்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றினால்தான் அடுத்த பந்தி. என் கலியாணத்துக்கு அவர் வந்தார், அவருடைய தாயின் இறுதிச் சடங்கில் நான் நின்றேன். பி1, பி2 என்ற இந்தப் படிகள் 2001இல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்டவை. எங்கள் காலத்தில் அப்படி எண்ணிப் பார்க்கிற பழக்கமே இல்லை.

சொல்வேட்டை சொல்வது பிழை இல்லை. மேசையில் நான்கு பேர் கதைத்தால் கஷ்டம்தான். அதனால்தான் மேசையில் தொடங்க வேண்டாம் என்கிறேன். கைகாலுக்கு வேலை இருக்கிற இடத்தில் தொடங்குங்கள். அங்கே வாய் திறக்காமல் இருந்தாலும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

நெக்கர்க்கரை எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தச் சமையலறை மேசையைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி.

எனக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை. கைக்கு வேலை இருக்கிற, ஆனால் விளையாட்டு அல்லாத இடம் எது? ஃபெரைனில், அதாவது ஏதாவது ஒரு சங்கத்தில், சேரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உள்ளே எப்படி நடக்கும், தெரியாத ஆள் போய் நின்றால் என்ன செய்வார்கள் என்று யாராவது விவரமாகச் சொல்வீர்களா?

மலைப்பாதை எழுதியது:

நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஜெர்மனியில் பதிவுபெற்ற ஃபெரைன்கள் 6 லட்சத்துக்கும் மேல். பதிவு செய்ய ஏழு உறுப்பினர் இருந்தால் போதும் என்கிறது இங்குள்ள குடிமைச் சட்டம். அதனால் எதற்கு வேண்டுமானாலும் ஒன்று இருக்கும்: சதுரங்கம், தேனீ வளர்ப்பு, பழைய ரயில் எஞ்சின், நாடகம், பாட்டு. சின்னதாகப் பத்துப் பதினைந்து பேரோடும் நடக்கும், பெரிதாகவும் நடக்கும். 1869இல் ம்யூனிக்கில் தொடங்கிய ஆல்ப்ஸ் மலையேற்றச் சங்கத்தில் இன்று 14 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். உங்கள் ஸ்டுட்கார்ட்டிலும் அதற்குக் கிளைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கூட்டிப் போவார்கள். மேட்டில் ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும், ஆகவே எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். மொழி பழகுபவருக்கு அதைவிட வசதி கிடையாது.

எப்படிச் சேருவது? இணையத்தில் முகவரி பார்த்து மின்னஞ்சல் போடுங்கள், ஆனால் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நடத்துபவர்கள் எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் செய்கிறவர்கள். பயிற்சி நடக்கும் நாளில் பத்து நிமிஷம் முன்னால் நேரே போய், 'சேரலாமா என்று பார்க்க வந்தேன், ஜெர்மன் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லுங்கள். முதல் சில வாரம் காசு வாங்காமல் வந்து பார்க்கச் சொல்வது பரவலான வழக்கம். முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். அலுவலக மரியாதைகள் அங்கே கிடையாது.

அடுத்து நடப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் மனசு கஷ்டப்படும். யாரும் உங்களை உட்காரவைத்து எந்த ஊர், என்ன படிப்பு, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கமாட்டார்கள். தலையசைப்பார்கள், நாற்காலி காட்டுவார்கள், வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் வாரமும் அதேதான். நீங்கள் ஒரு வாரம் போகாமல் இருந்து அதற்கடுத்த வாரம் போகும்போது, 'போன வாரம் காணோமே' என்று ஒருவர் கேட்பார். அங்கே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கோடை விழாவுக்கோ கிறிஸ்துமஸ் சந்தைக்கோ யார் எந்த நேரம் கடையில் நிற்பது என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவார்கள். அதில் கட்டாயம் உங்கள் பெயரை எழுதுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுங்கள். குளிரில் ஒரே ஒரு ஆளோடு, வாடிக்கையாளர் யாரும் வராமல் ஒரு மேசைக்குப் பின்னால் நிற்கும்போது பேச்சு தானாக வரும். குடும்பம், வேலை, பயம், ஆசை என்று எல்லாவற்றையும் அங்கேதான் சொல்வார்கள்.

விளையாட்டு வேண்டாம் என்றால் நான் கைகாட்டுவது பாடகர் குழு. என் அனுபவத்தில் மொழி பழகுபவருக்கு அதற்கு நிகர் கிடையாது. பாட வேண்டியது எழுத்தாகக் கையில் இருக்கிறது. ஒரே வரியை இருபது தடவை பாடுவீர்கள், யாரும் சலித்துக்கொள்ளமாட்டார்கள், அதுதான் அங்கே வேலையே. நமக்கு நாக்கு புரளாத உயிரொலிகள் இருக்கின்றனவே, குழு நடத்துனர் அவற்றை நமக்கு மட்டும் திருத்துவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த வரிசை முழுவதையும் நிறுத்தி, உதட்டைக் குவி, இன்னும் குவி, தாடையை இறக்கு என்று வாங்கு வாங்கென்று வாங்குவார். பக்கத்தில் இருக்கும் அறுபது வயது அம்மாவும் நானும் ஒரே திருத்தத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மொழி தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவே அந்த நேரத்தில் போய்விடும். நல்ல குரல் வேண்டும் என்பதில்லை, குரல் சோதனை வைக்காத குழுக்கள் நிறையவே உண்டு.

கடைசியாகக் காலக்கணக்கு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் கேட்டுச் செய்தது. தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாற, சேர்ந்து செலவழிக்க வேண்டிய நேரம் ஏறக்குறைய 50 மணி, நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் என்று வந்தது. வாரம் இரண்டு மணி நேர ஒத்திகை என்றால் 50 மணிக்கே அரை வருடம். 90க்கு, விடுமுறை வாரங்களைக் கழித்தால், ஒரு வருடம் போய்விடும். அதுவும் சொந்த மொழியிலேயே பழகியவர்களின் கணக்கு. மூன்று மாதம் போய்ப் பார்த்தேன், ஒருவரும் பழகவில்லை என்று சொல்கிறவர்கள் பாதி வழிகூட வரவில்லை. ஒத்திகை முடிந்து எல்லோரும் போய் உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். களைப்பாக இருந்தாலும் கூடப் போங்கள்.

சொல்வேட்டை எழுதியது:

மலைப்பாதை, அந்த ஆய்வு எனக்கும் தெரியும். அதிலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது: சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் நெருக்கத்தை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. அன்றாட விசேஷம் கேட்பது, அக்கறையாகப் பேசுவது, சேர்ந்து சிரிப்பது, இவைதான் கூட்டுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். அதற்கு மறுபடியும் மொழி.

ஆனால் நெக்கர்க்கரைக்கு இருப்பது வாரம் இரண்டு மாலை என்றால் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒன்று வகுப்புக்கு, ஒன்று பாட்டுக்கு. வகுப்பை அடியோடு விட்டுவிடாதீர்கள். ரூர்வாசி அண்ணையின் கதை அருமை, ஆனால் அவருக்குக் கடிதத்தைக் கோடு போட்டு உடைத்துச் சொல்ல ஒரு மனிதர் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை, அந்த இடத்தில் ஆசிரியர்தான் நிற்கிறார்.

போவதற்கு முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். அந்த இடத்தில் புழங்கும் சொற்களை மட்டும் ஒரு பக்கம் எழுதி வாய்விட்டுப் படியுங்கள். பாட்டு என்றால் ஸ்வரம், தாளம், மூச்சு, பக்கம், வரி, முதலில் இருந்து, இன்னொரு தடவை. பி1 பாடப்புத்தகத்தில் இவை வராது. இந்த ஒரு பக்கம் தெரிந்திருந்தால் முதல் மாலையிலேயே நடப்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

நான் லைப்சிக்கில் முதியோர் இல்லத்தில் செவிலி. இங்கே எல்லோரும் வாரத்தில் ஒரே நாள், ஒரே மாலை என்று பேசுகிறீர்கள். காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று சுற்றுகிறவர்களுக்கு அந்த மாலை கிடையாது. எங்களைப் போன்றவர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம்.

சொல்வேட்டைக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் படிப்பை இங்கே அங்கீகரிப்பதற்கே பி2 கேட்கிறார்கள். நான் பி2 முடித்துத்தான் வார்டில் நின்றேன். நாள் முழுக்க ஜெர்மன்தான், பெரியவர்களோடு, டாக்டரோடு, குடும்பத்தாரோடு. மொழி இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லாமல்தான் இருந்தேன். மொழி வந்தால் நட்பு தானாக வரும் என்பது என் விஷயத்தில் நடக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள்தான். ஷிஃப்ட் முடிந்தால் அவரவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம்.

எனக்குக் கைகொடுத்தது பார்சல். இரவு ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில் பகலில் வீட்டில் இருப்பது கட்டிடத்திலேயே நான் ஒருத்திதான், அதுவும் தரைத்தளம். பார்சல் கொண்டுவருகிறவர் மற்ற வீடுகளில் ஆள் இல்லை என்றால் என் மணியைத்தான் அடிப்பார். வாங்கி வைப்பேன். அவர்களுடைய தபால் பெட்டியில் என் பெயர் எழுதிய சீட்டு விழும். சாயங்காலம் ஒவ்வொருவராகச் சீட்டோடு வருவார்கள். இரண்டாம் மாடிக்காரர் முதல் தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை கதவிலேயே நின்று, பெட்டியில் இருப்பது தன் பேத்திக்கு வாங்கிய காலணி என்று பிரித்துக் காட்டினார். அந்தக் கோடையில் அவர் ஊருக்குப் போகும்போது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்தார். இப்போது எனக்கு விடுமுறை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஏரிப்பக்கம் நடக்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஊரே நடக்கத்தான் போகும். என்னைவிட முப்பது வயது மூத்தவர். இந்த ஊரில் எனக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். பேச நேரமும் பொறுமையும் அந்த வயதுக்காரர்களிடம்தான் இருக்கிறது. நம் ஆட்கள் தங்கள் வயதுக்காரர்களையே தேடுவது எனக்குப் புரியவில்லை.

நாள் ஒத்துவராதவர்களுக்கு இன்னொரு வழி பார்க்ரன். சனிக்கிழமை காலை 9 மணி, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, ஒருமுறை இணையத்தில் பதிந்தால் போதும், எந்தச் சனிக்கிழமை முடிகிறதோ அன்று போகலாம். ஜெர்மனியில் 2017 டிசம்பரில் தொடங்கியபோது முதல் மூன்று இடங்களில் எங்கள் லைப்சிக்கும் ஒன்று. ஓட முடியாவிட்டால் நடக்கலாம், அல்லது தன்னார்வலராக நின்று நேரம் குறிக்கலாம். முடிந்ததும் காபி குடிக்க ஒன்றாகப் போவார்கள்.

ஈரநிலம் எழுதியது:

மூன்றாம்ஷிஃப்ட், நீங்கள் எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. உங்களோடு நடக்கிற அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

நான் ஹம்பர்க்கில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்களுக்குத் தனிமை ரொம்பக் கடுமை, நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்போது இன்னும் கடுமை. அவர்களுக்காக எழுதுகிறேன். பேட்டைக்குப் பேட்டை குடும்ப மையங்கள் இருக்கின்றன, தவழும் குழந்தைகளோடு தாய்மார் கூடும் குழுக்கள் அங்கே நடக்கும். தரையில் வட்டமாக உட்கார்ந்து குழந்தைப் பாட்டு பாடுவார்கள். மொழி குழந்தை அளவில்தான் இருக்கும், அதனால் முதல் நாளே கூடச் சேர்ந்துகொள்ளலாம். பல்லு முளைத்ததா, ராத்திரி தூங்குகிறானா என்ற பேச்சுக்கு ஏ2 போதும். பிள்ளை கிண்டர்கார்டன் போனதும் பெற்றோர் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெற்றோர் பிரதிநிதியாக யார் நிற்கிறீர்கள் என்று கேட்டதும் அறையே கீழே பார்க்கும். கை தூக்குங்கள். மொழி போதாதே என்று யோசிக்க வேண்டாம், துணைக்கு இன்னொருவரையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஒரு வருடத்தில் எல்லாப் பெற்றோருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

இரண்டு சின்ன விஷயம். 'ஒரு நாள் பார்ப்போம்' என்று சொன்னால் இங்கே எதுவும் நடக்காது. 'அடுத்த மாதம் 14, சனிக்கிழமை, மூன்று மணி, எங்கள் வீட்டில்' என்று சொல்லுங்கள். காலண்டரில் எழுதிக்கொள்வார்கள், எழுதினால் வருவார்கள், மூன்று மணி என்றால் மூன்று மணிக்கே மணி அடிக்கும். மூன்று வாரம் தள்ளி நாள் குறிப்பதை ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லவே கூடாது, அபசகுனமாக நினைப்பார்கள்.

தமிழ் நண்பர்களோடு இருப்பதைக் குற்றம் மாதிரி சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய்ச்சலில் படுத்தபோது என் வீட்டு வாசலில் வந்து நின்றது தமிழ்த் தோழிதான். அந்தத் தெம்பில்தான் நான் வெளியே போய்த் தட்டுத் தடுமாறிப் பேசுகிறேன்.

ரூர்வாசி எழுதியது:

ஈரநிலம் தங்கச்சி சொன்னதற்கு நூறு வீதம் ஆம். இங்கே ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் கட்டி எழுப்பினபோது, எங்களோடு நின்று வேலை செய்தவர்களில் டொச்க்காரரும் இருந்தார்கள். தேருக்குப் பார்க்க வருகிற அக்கம்பக்கத்தவருக்கு விளக்கம் சொல்லியே பலருக்கு டொச் திருந்தியது. நம்மிடம் இருப்பதைக் காட்டிக் கதைப்பதும் ஒரு வழி.

புதுவரவு எழுதியது:

ஆஹனில் முதுகலை படிக்கிறேன், ஏ2. கேள்வி ஒன்று மட்டும். நான் ஜெர்மனில் ஆரம்பித்தாலும் என் வயதுக்காரர்கள் உடனே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். மரியாதைக் குறைவு இல்லாமல் எப்படித் தடுப்பது?

மலைப்பாதை எழுதியது:

தடுக்க வேண்டாம், அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டாலும் நீங்கள் ஜெர்மனிலேயே பதில் சொல்லுங்கள். இரண்டு மூன்று பதில் தாக்குப்பிடித்தால் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். வார்த்தை வராத இடத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆங்கிலத்தில் போட்டு, வாக்கியத்தை ஜெர்மனிலேயே முடியுங்கள். நெக்கர்க்கரை, உங்கள் அலுவலக மேசைக்கும் வழி இருக்கிறது. ஒருவரைத் தனியாகப் பிடித்து, 'வியாழக்கிழமை சாப்பாட்டில் என்னோடு ஜெர்மனில் மட்டும் பேசுவீர்களா' என்று கேளுங்கள். வாரம் ஒரு நாள் என்று வரம்பு கட்டினால் யாருக்கும் பாரமில்லை, அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

மூன்றாம்ஷிஃப்ட் எழுதியது:

புதுவரவு தம்பி, ஆங்கிலம் பேசாதவர்களிடம் போ. பழுது பார்க்கும் கஃபே என்று ஊருக்கு ஊர் நடக்கிறது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி இங்கே பரவியது. ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் உட்கார்ந்திருப்பார்கள், உடைந்த விளக்கையோ ரேடியோவையோ கொண்டுபோனால் கூடவே உட்காரவைத்துப் பிரிக்கச் சொல்லித் தருவார்கள். அவர்களில் பலர் கடைசிவரை ஜெர்மன்தான் பேசுவார்கள். நீ பொறியியல் படிக்கிற பிள்ளை என்றால் உதவிக்கே சேர்த்துக்கொள்வார்கள்.

புதுவரவு எழுதியது:

பொறியியல்தான் அக்கா. தேடிப் பார்த்தேன், நான் இருக்கும் பேட்டையிலேயே மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிறது. போகிறேன்.

நெக்கர்க்கரை எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். வீட்டுக்கு அருகில் ஒரு பாடகர் குழுவில் ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பாட்டு, வியாழக்கிழமை வகுப்பு என்று பிரித்துக்கொண்டேன். சொல்வேட்டை சொன்னபடி சொற்களை எழுதிப் படித்துவிட்டுத்தான் போனேன், பெரிய உதவி.

முதல் நாள் என்னை ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எந்த வரியில் இருக்கிறோம் என்று பென்சில் முனையால் என் தாளில் காட்டிக்கொண்டே பாடினார். நான் பிடித்துக்கொண்டதும் பென்சிலை எடுத்துவிட்டார், தவறியதும் மறுபடி வந்தது. ஒத்திகை முழுக்க இருவரும் பேசிக்கொண்டது ஒரு வாக்கியம் இருக்காது. அடுத்த வாரம் அதே நாற்காலியில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார்.

முடிந்ததும் கூடப் போய் உட்கார்ந்தேன். அங்கே எல்லோரும் ஷ்வேபிஷ் வட்டார வழக்குக்கு மாறிவிடுகிறார்கள், பாதிக்குப் பாதி புரியவில்லை. இதற்கு என்ன செய்வது? அப்புறம், உறுப்பினர் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?

ரூர்வாசி எழுதியது:

தங்கச்சி, வட்டார வழக்குக்கு வகுப்பு இல்லை, காது பழக வேண்டும். ஒரே ஆளைத் தெரிந்தெடுத்து அவர் கதைப்பதை மட்டும் கவனியுங்கள். ஒருவருடைய வாய் பழகிவிட்டால் மற்றவர்களுடையது விரைவில் வரும். அவர்கள் உங்கள் முன்னால் வழக்குக்கு மாறுகிறார்கள் என்றால் உங்களை விருந்தாளியாக நினைக்கவில்லை என்று அர்த்தம். நல்ல விஷயம்தான்.

மலைப்பாதை எழுதியது:

படிவத்தில் மூன்று இடம் பாருங்கள். சந்தா மாதத்துக்கா, வருடத்துக்கா என்று. அதை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்க அனுமதி கேட்டிருப்பார்கள், அது வழக்கமானதுதான். மூன்றாவது, விலக வேண்டுமானால் எந்தத் தேதிக்குள் எழுதித் தர வேண்டும் என்று. பல இடங்களில் வருடக் கடைசியில்தான் விலக முடியும், அதற்குச் சில மாதம் முன்பே சொல்ல வேண்டியிருக்கும். விதிகளின் நகலைக் கேட்டால் தருவார்கள். சம்பளம் குறைவாக இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் சந்தாச் சலுகை இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர் கூட்டம் நடக்கும், கையெழுத்துப் போட்டதும் உங்களுக்கும் அங்கே ஓட்டு உண்டு. கணக்கு வழக்கு, தலைவர் தேர்தல் என்று நீளமாகப் போகும், ஆனால் யார் யாரோடு எப்படி என்பதெல்லாம் அன்றைக்குத்தான் புரியும். முதல் கூட்டத்துக்கே போய்விடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் தேதி கேட்டு வையுங்கள்.